உன் எடைக்கு வைத்த ஸ்பிரிங்

அம்மணி,

இன்று காலை வண்டியின் பின் டயரை மாற்றினேன். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும், "ஏனுங்க, இந்த நாத்தத்தோடவா எங்கம்மா ஊட்டுக்குப் போறது?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ நின்றது கண்முன் வந்துவிட்டது. மெக்கானிக் முன்னால் அழக்கூடாதென்று, டயரில் ஏதோ பார்க்கிற மாதிரி குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

நம் கல்யாணத்துக்கு வாங்கிய டூ ஸ்ட்ரோக் வண்டி, வேகம் அறுபதைத் தொட்டால் தலையாட்டும். அதைச் சிங்கமாக்கியவன் நான். முன் ஃபோர்க்கில் கெட்டி ஆயில் ஊற்றி, அதன் ஸ்பிரிங் மேலே பைப்புத் துண்டு செருகி, பின்னால் ஒரு சைஸ் அகல டயர் போட்டு, பின் ஷாக் அப்சார்பர் இரண்டின் ஸ்பிரிங்கையும் கடைசிப் படி வரைக்கும் இறுக முறுக்கினேன். அப்புறம் பொள்ளாச்சி ரோட்டு வளைவுகளில் உடும்பு மாதிரி ரோட்டைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் போலீஸ்காரரே கைகாட்டி நிறுத்தி, யார் செய்த வேலை என்று விசாரித்தார். எட்டாங்கிளாஸ் தாண்டாத நான்தான் என்றதும் சல்யூட் அடித்தார்.

உன் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் இதைச் சொன்னபோது நீ நம்பவில்லை. "ஊட்டுல விசாரிச்சாருன்னு மட்டுந்தானுங்க சொன்னீங்க. கிணத்துக்கடவு வர்றதுக்குள்ள சல்யூட்டும் அடிச்சுப்போட்டாரா?"

அன்றைக்குத்தான் உன் அம்மா வீட்டு வாசலில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "வண்டி உங்களுக்கு நல்லா வளையுதுங்க. எனக்கு முதுகு ஒடியுது. இனிமே நான் பஸ்ஸுலயே வாரேன்."

சொன்னபடி அடுத்த வாரம் பஸ் ஏறினாய். ஊரே பொறாமைப்பட்ட வண்டி, பின் சீட்டு காலி. பஸ்ஸை ஒட்டியே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாளே உன் எடைக்குப் பருத்திக்கொட்டை மூட்டையைப் பின் சீட்டில் கட்டி, பெரியநாயக்கன்பாளையம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங்கை இளக்கினால் வளைவில் பின்பக்கம் அலைந்தது. இறுக்கினால் பள்ளத்தில் மூட்டை துள்ளியது. கேட்டவர்களிடமெல்லாம் மூட்டையைத் தட்டி, இது எங்கூட்டு அம்மணி என்று சொன்னதுதான் வினையாகப் போயிற்று. எஸ்.டி.டி. பூத்துக்காரர் மனைவி உன் காதில் போட்டுவிட்டாள். அன்றைக்கெல்லாம் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே திடீரென்று சிரித்தாய்.

"மூட்டை வளைவுல சாயாதுங்க. நான் உங்ககூடச் சேந்து சாய்வேன். என்னைய உக்கார வெச்சே பாருங்க."

அப்படித்தான் உன்னை ஏற்றிக்கொண்டு போய், நீ சொல்லச் சொல்ல ஒவ்வொரு படியாக இறக்கினேன். நடுப்படிக்கு வந்ததும், "இது இருக்கட்டுங்க" என்றாய். அதற்கப்புறம் நீ பஸ் ஏறவில்லை. வளைவில் இரண்டு பேரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தோம். இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அம்மணி.

காய்ச்சலென்று படுத்த நீ எழுந்திருக்காதது மெக்கானிக்குக்குத் தெரியும். இன்று டயரைப் பூட்டிவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் கேட்டான்: "ஒருத்தருதானுங்களே போறீங்க? ஸ்பிரிங்க எறக்கி உட்டுரட்டுங்களா?"

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

பாரமில்லாத பின்பக்கம் வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. இப்போது என் இடுப்பு வலிக்கிறது. யார் கேட்டாலும் வண்டி பஞ்சு மாதிரி போகிறது என்றுதான் சொல்கிறேன். வளைவு வந்தால் மட்டும், நீயும் சாய்ந்துகொள்ளட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே திருப்புகிறேன்.