பக்கம் 87இல் ஒரு பெயர்

நவம்பர் 3, 2025, திங்கள். ராயபுரம்

மின்னூலில் கோவிந்தம்மாவின் பெயர் இல்லை. ஆதாரம்: என் கண்கள். அச்சுப் பிரதியை மடியில் விரித்து இரண்டு முறை ஒப்பிட்டேன்.

கட்டுரை ஒன்றுக்காகப் போனில் மின்னூலைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். 'முடிவுகள் இல்லை' என்றது. என் புத்தகம் அது. எண்ணூர் நெட்டுக்குப்பத்துக் கழிமுகத்தில் ஆலைச் சாம்பல் கலந்த கதை, 2018இல் அச்சானது. பக்கம் 87: 'குழாய் உடைந்ததை நேரில் பார்த்தவர் கோவிந்தம்மா, மீன் வியாபாரி.' பக்கத்தில் அவர் படம். மின்னூலில் 'அப்பகுதிப் பெண் ஒருவர்'. படமும் இல்லை.

ஜூனில் மின்னூலாக வந்தபோது இரண்டும் இருந்தன. யார் கை வைத்தது?

அச்சில் பிழை என்றால் திருத்தச் சீட்டு ஒட்டுவோம். ஒட்டியது கடைசிவரை தெரியும். இதில் ஒரு தழும்புகூட இல்லை. முதலிலிருந்தே நான் அப்படித்தான் எழுதினேன் என்பதுபோல் கிடக்கிறது.

நவம்பர் 4

பதிப்பாளர் சாவியோ போனை எடுக்கவில்லை. நான்கு முறை.

நவம்பர் 5

தண்டையார்பேட்டையில் அவன் அச்சகத்துக்கே போனேன். முப்பது வருடத் தோஸ்து. என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ஆமா மாமு, நான்தான் மாத்தினேன். போன மாசம். அஞ்சு நிமிஷ வேலை."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வுடுவியா? கமாவுக்கே கோர்ட்டுக்குப் போற ஆளு."

ஆலைக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டேன்.

"அந்தம்மாவே வந்துச்சு. பஸ்ஸு புடிச்சு வந்து இங்கதான் குந்திகினு இருந்துச்சு. உன்னாண்ட சொல்ல வேணாம்னுச்சு."

பஸ்ஸில் திரும்பினேன். ஆலை அவனை விலைக்கு வாங்கியிருந்தால் எனக்கு எழுதத் தெரியும். இவர்களை என்னவென்று எழுதுவது? அந்த ஒரு வரிக்காக மூன்று வக்கீல் நோட்டீஸ் வாங்கியவன் நான். துரோகம் — வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

நவம்பர் 6

மின்னூலுக்குச் சம்மதித்திருக்கவே கூடாது.

நவம்பர் 8, சனி

நெட்டுக்குப்பம் போனேன். கோவிந்தம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா ரிப்போர்ட்டரண்ணா. சண்டைக்குத்தான் வந்துகீற, தெரியும்."

அவர் சொன்னது: மகன் வெற்றி அதே ஆலையில் ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரமாக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். செப்டம்பரில் அதிகாரி ஒருவர் அவனைக் கூப்பிட்டு, போனில் பக்கம் 87ஐக் காட்டி, "இது உங்கம்மாவா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏழு வருசம் புஸ்தகமா இருந்துச்சு, ஒருத்தனும் பாக்கல. நீ போன்ல போட்ட. நாலு மாசத்துல என் புள்ளயாண்ட வந்து நிக்குது."

"நீங்க சொன்னதுதானே அது?"

"சொன்னேன். இல்லன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். பேர் போடச் சொன்னனா?"

உள்ளே டிவிக்குப் பக்கத்தில் என் புத்தகம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தார். "அத்த தூக்கிப் போட மாட்டேன். என் போட்டோ கீது."

போடச் சொன்னார் என்றுதான் என் நினைவு. பார்க்க வேண்டும்.

நவம்பர் 9

2017 குறிப்பேடு பரணில் கிடைத்தது. மார்ச் 11, என் கையெழுத்து, நீல மை: 'கோ. — பேரு வேணாம்ணா, புள்ளைங்க கீது.' அடியில் இரண்டு கோடு. போட்டதும் நானே.

எப்போது மறந்தேன்? மறந்தேனா? பெயர் இல்லாமல் அந்த வரி நிற்காது என்று வக்கீல் சொன்னது நினைவிருக்கிறது. அதன் பிறகு அவரிடம் போய்க் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. படம் எடுத்தபோது சிரித்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

நாலு நாளா துரோகம் துரோகம்னு சொல்லிகினு திரிஞ்சேனே — யாருக்கு யாரு?

நவம்பர் 10

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குப் படிக்க வராது. வாசித்துக் காட்டினேன்.

"எட்டு வருசமா இத்த வெச்சிகினா இருந்த?" என்றார். கூடையைக் கழுவப் போய்விட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

நவம்பர் 13

இரண்டாம் அச்சுக்கான புரூப் வந்தது. சாவியோ அச்சுக் கோப்பைத் தொடவில்லை. பக்கம் 87இல் பெயரும் படமும் அப்படியே இருந்தன. சிவப்பு மையில் நானே அடித்தேன். முன்பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: 'முதல் அச்சில் ஒருவர் பெயர், அவர் வேண்டாம் என்ற பிறகும் வெளியானது. தவறு என்னுடையது.'

அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவன் நேரே பழைய பிரதியைத் தேடிப் போவான். அதையும் அடித்தேன்.

தழும்பு இல்லாமலே போகட்டும்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் போன் வந்தது. அவராகவே கூப்பிட்டார்.

நிரந்தரப் பட்டியல் இன்னும் வரவில்லை. பையன் பெயர் அதில் உண்டா என்பது உறுதியாகவில்லை. 28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆலை கேட்டில் ஒட்டுவார்களாம்.

ஆதாரம்: எண்ணூர்க்காரர் ஒருவர். பெயர் வேண்டாம்.