ஒன்பதாம் மாடிக் கதவு

மார்ச் 3, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் என் மகள் தலீஷாவும் நலமா? முழங்காலுக்கு மருந்து போடுகிறாயா, இல்லை வழக்கம்போல வாயாலேயே சமாளிக்கிறாயா?

மே 14 எனக்குச் சிறையிலிருந்து விடுதலை. வெளியே எங்கே தங்குவாய் என்று படிவத்தில் கேட்டார்கள். முகவரி இல்லாதவனைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நான் யோசிக்கவே இல்லை, நியூயார்க்கில் உன் பிராங்க்ஸ் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பது வருஷம் என் பிள்ளையை வளர்த்த நீ எனக்கு ஒரு சோபா தரமாட்டாயா? கண்காணிப்பு அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார். நல்ல காபியாகக் கொடு.

அன்புத் தம்பி,
வெண்டெல்


மார்ச் 11

அன்புள்ள வெண்டெல்,

அந்த முகவரியை உடனே அடித்துவிடு. அந்த அதிகாரி இங்கே வருவதற்குள் செய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன்னை நம் மாடிப்படியில் வைத்துப் போலீஸ்காரர்கள் பிடித்தார்களே, அடுத்த மாதமே வீட்டு வசதி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். இது நகராட்சி வாடகை வீடு, அவர்கள் வைத்ததுதான் சட்டம். "தம்பி இனிமே இந்த வாசப்படி மிதிக்கமாட்டான்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணுங்க" என்றார்கள். தலீஷாவுக்கு அப்போது மூன்று வயது. கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கிறார்கள். பல் துலக்கும் பிரஷ்களை எண்ணுகிறார்கள். போன மாதம் தலீஷாவின் ஷூவைத் தூக்கி, இது எந்த ஆண்பிள்ளையுடையது என்று கேட்டார்கள். அவள் தன் காலை நீட்டிக் காட்டினாள். நீ இங்கே கால் வைத்தால் நாங்கள் இரண்டு பேரும் தெருவில்தான்.

ரோஸலின்


மார்ச் 20

ரோஸலினுக்கு,

முகவரியை அடித்தாயிற்று. காப்பகம்தான்.

மாதாமாதம் ஆறு மணி நேரம் பேருந்தில் வந்து என் எதிரே உட்கார்ந்து, "நீ வந்து படுக்கத்தான்டா அந்த ரூமை வச்சிருக்கேன்" என்பாயே. எதற்கு அந்தப் பேச்சு?

வெண்டெல்


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உன் கோபம் நியாயம்தான். இதையாவது படி.

சட்ட உதவி மன்றத்தில் திருமதி ஓட்லி என்று ஒருவர் இருக்கிறார், அவரே சிறையிலிருந்து வந்தவர். தடையை நீக்கச் சொல்லி நானே மனுப் போடலாமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடுமோ என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு போட்டுவிட்டேன்.

நேற்று விசாரணை. நம் மாடிக்காரர்கள் பதினொரு பேர் உனக்காகக் கடிதம் கொடுத்தார்கள். விசாரணை நடத்திய அதிகாரி தலீஷாவையும் கேட்டார். "அப்பாவோட நான் சாப்பிட்டதெல்லாம் காவலுக்கு நடுவுலதான் சார். எங்க வீட்டு மேசையில ஒரு தடவ சாப்பிடணும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உத்தரவு மே 27. அதுவரை பழைய தடை அப்படியே இருக்கிறது. நீ ஒரு தடவை வந்தது தெரிந்தாலும் மனுவும் போச்சு, வீடும் போச்சு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பக்கம் வராதே.

அக்கா


மே 28

அன்புள்ள வெண்டெல்,

ஞாயிற்றுக்கிழமை, தலீஷா பிறந்தநாளன்று, மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். கேக் பெட்டியோடு நீ நின்றாய். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக உன்னைச் சொந்தச் சட்டையில் பார்த்தேன்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்கவில்லை. நீ இறங்கிப் போகும்வரை அப்படியே நின்றேன். தலீஷா குளித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. எந்த அக்காவாவது இப்படிச் செய்வாளா?

நேற்று உத்தரவு வந்தது. தடையை நீக்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் சோதனைக் காலம், ஆனால் நீ எங்களோடு தங்கலாம். இனி உனக்கு வர மனம் இருக்குமா என்று நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரோஸலின்


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை காலை வருகிறேன். தலீஷாவிடம் நீயே சொல்லிவிடு.

நீ கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். துளையில் வெளிச்சம் மறைந்ததைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் புத்தி கெட்டு வந்துவிட்டேன், மணியை அடித்த பிறகுதான் நீ வராதே என்று எழுதியது உறைத்தது. அங்கே நின்ற நேரமெல்லாம் எனக்கு ஒரே பயம், நீ திறந்துவிடுவாயோ என்று. அதனால்தான் அவ்வளவு வேகமாகப் படியிறங்கினேன்.

உன் தம்பி,
வெண்டெல்