கேட்டில் கட்டிய சிவப்புத் துணி

அக்கா,

இன்று காலை கேட்டைத் திறக்கும்போது சிவப்புத் துணி கையோடு வந்துவிட்டது. வெயிலில் வெளுத்து இற்றுப் போயிருக்கிறது. மறுபடி முடிச்சுப் போட்டேன். நீங்கள் போனதிலிருந்து அது என் வீட்டைவிட்டு நகரவே இல்லை. அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், "அதான் வண்டியில கேமரா இருக்குதுங்க்கா" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

நாமக்கல்லில் லாரிகள் வீட்டுவாசலில் நிற்கும் தெருக்களில் நம்முடையதும் ஒன்று. பேருக்கு ஒரு மரம் கிடையாது. சித்திரை வெயிலில் பிள்ளைகளுக்கு நிழல் வேண்டுமென்றால் லாரிக்கு அடியில்தான். சொப்புச் சாமான், சண்டை, தூக்கம் எல்லாம் அங்கேதான். திட்டினால் அடுத்த வண்டிக்கு மாறுவார்கள், அவ்வளவுதான். டிரைவர்கள் கிளீனரை நிறுத்திவிட்டுத் தனியாகவே ஓட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. கிளம்பும்முன் அடியில் குனிந்து பார்க்க ஆளில்லை என்பது உங்கள் கண்ணில்தான் முதலில் பட்டது.

"கிளீனரு இல்லீன்னா நாம பாக்கோணும் அம்மிணி" என்றீர்கள். நீளமான கம்பி ஏற்றினால் லாரியின் பின்னால் தொங்கவிடுவார்களே, அந்தச் சிவப்புத் துணியில் ஒன்றை எடுத்துவந்து உங்கள் கேட்டில் கட்டினீர்கள். துணி எந்த வீட்டில் இருக்கிறதோ, அன்று அந்த வீட்டுப் பெண்ணின் முறை. வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, பாடியில் கையால் தட்ட வேண்டும். கிளீனர்களின் வழக்கமேதான். ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு தட்டு என்றால் போ.

எவ்வளவு கேலி! "ஏனுங்க, மாசச் சம்பளம் எத்தனைங்க?" என்று ஒரு டிரைவர் கேட்டார். குனிந்து, அவர் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மகனையே கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து நிறுத்தினீர்கள். "இதானுங்க சம்பளம்." அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நம் தெருவில் தட்டாமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை. எனக்கு அப்போது இருந்த மிதப்பைக் கேட்கவே வேண்டாம். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு போய் நிற்பேன், அவ்வளவு பெரிய வண்டி என் கைக்குக் காத்திருக்கும்.

போன வாரம் வண்டியை எடுத்தது உங்கள் மகன்தான். என் முட்டி இப்போதெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நான் படியிறங்குவதற்குள் ஏறி, ஏசியைப் போட்டு, கண்ணாடியையும் ஏற்றிவிட்டான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் பேத்தியின் பாவாடை தெரிந்தது. கத்தினேன். கேட்டுத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த சாக்பீஸ் நழுவி வெளியே உருண்டது. அதைப் பிடிக்க அவளும் ஓடிவந்தாள். வண்டி நகர்ந்தது. பிள்ளையைக் காப்பாற்றியது சாக்பீஸ்தான் அக்கா, நான் இல்லை.

திரும்பி வந்தவனிடம் சொன்னேன். "அதான் வந்துட்டாளேங்க சின்னம்மா, கேமரா இருக்குதுங்க" என்றான்.

"கேமரா பின்னாடி பாக்குது சாமி. அடியில பாக்குமா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். உங்கள் மகன் என்பதால் அறையவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வீட்டுக்குள் வந்து அழுதேன்.

உங்களை மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஓட்டியவர் நம் தெருக்காரர். கதவைச் சாத்திய பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அன்று துணி என் கேட்டில் இருந்தது. சுற்றிவந்தேன். குனிந்து பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டினேன். ரெண்டாவதுக்குக் கை எழவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை, உங்கள் மகன்கூட. வெகுநேரம் கழித்துத்தான் தட்டினேன்.

லாரி உறுமினால் இப்போதும் என் கை தானாக எழுந்துவிடுகிறது. அந்தக் கைக்காகக் கடைசியாகக் காத்து நின்றது உங்கள் வண்டிதான்.