நானூறு பிக்சல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். நீங்களாவது நலமாக இருக்க வேண்டும். நான் அழைத்தால் போனை எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாதுதான். அதனால் கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் உங்கள் நாற்காலியில் பழைய பிரிண்டரைத் தூக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் கிரிட் என்கிற கட்ட முறையில் அமைத்த பக்கங்களில் ஒரு வரி மாற்றக்கூட எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக வெப் பக்கம் செய்கிறவன், வெட்கத்தை விட்டு கிரிட்டின் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுப் பிரித்து, எது எந்தக் கட்டத்தில் என்று சொல்லிவிட்டால் போதும், அவ்வளவுதான். இதையா பகட்டு வேலை என்று உங்களைக் கேலி செய்தேன்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மூன்றாவது பாடம் அகலம் பற்றியது. எஃப்ஆர் என்று எழுதினால், இருக்கிற இடத்தை நெடுவரிசைகள் பங்கு போட்டுக்கொள்ளும். பிக்சலில் எண் போட்டால், திரை எவ்வளவு சிறிதானாலும் விட்டுக்கொடுக்காது. தலா நானூறு பிக்சலில் மூன்று நெடுவரிசை போட்டு ஜன்னலைச் சுருக்கிப் பார் என்று பயிற்சி. சுருக்கினேன். மூன்றாவது நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விட்டது. உடனே நம் பழைய வேலை ஒன்றைத் திறந்து பார்த்தேன்.

பல் மருத்துவமனைப் பக்கத்தில் அந்த மூன்று நானூறையும் போட்டவன் நான், மாப்பிள்ளை. நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். என் பெரிய திரையில் நெடுவரிசைகள் பரந்து கிடந்தன. அடக்கமாக இருக்கட்டும் என்று உங்கள் எஃப்ஆரை அழித்தேன். போனில் திறந்தே பார்க்கவில்லை. மூன்றாவதில்தான் விடுமுறை நாட்கள் இருந்தன.

போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர் வீங்கிய கன்னத்தோடு பூட்டிய கதவுக்கு முன்னால் காத்துக் கிடந்தார் என்று டாக்டர் வந்து கத்தினாரே, அப்போதே எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே, “எங்க மாப்பிள்ளை செஞ்சது சார், அவருக்கு இன்னும் வேலை பிடிபடலை” என்றேன். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் தடுக்கவில்லை.

அதோடு விட்டேனா? தங்கச்சியிடமும் போய், பொறுப்பில்லாதவருக்கு உன்னைக் கொடுத்துவிட்டோம் என்று புலம்பினேன். அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பி, உங்களோடு சண்டை போட்டுவிட்டு இங்கே வந்தாள். நீங்கள் வேறு வேலை தேடி ஊரை விட்டே போனீர்கள். இந்த ஐந்து மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே சோற்றை அவளோடு உட்கார்ந்து தின்றேன்.

முந்தாநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். இதைச் சொல்ல இவ்வளவு நாளா என்று கேட்டார். தங்கச்சியிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். “அதை நான் தொடவே இல்லைன்னு அவர் நாலு தடவை சொன்னாருண்ணா. நான்தான் காதுல வாங்கலை” என்று மட்டும் சொன்னாள். பிறகு போய்த் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், மாப்பிள்ளை. அதைக் கேட்க எந்த முகத்தோடு வருவேன்? என்னோடு வேலை செய்யவும் கூப்பிடவில்லை.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. இதை உங்கள் கையில் கொடுத்தவள் இன்னும் வாசலிலேயே நிற்பாள். அவராகக் கூப்பிடாமல் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள். வெகுதூரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். தப்பு என்னுடையது. அவளை உள்ளே கூப்பிடுங்கள்.

என்றும் தலைகுனிந்து,
உங்கள் மச்சான்