விளக்கடியில் வைத்த மருந்து

ரந்தாவ்,
தோட்டத்து ஆறாவது லயம்,
14-8-1952

அன்பு மகன் இராஜமாணிக்கத்துக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதப் போனேன் ராசா, கை நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை அப்பா ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையிலேயே விழுந்துவிட்டார், நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தேவதாஸ் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார், செங்கல் நிறம் வந்தது. இனிப்புநீர் மிஞ்சிவிட்டது, விலைக்குப் பயந்து இன்சுலின் ஊசியைக் குறைத்துப் போட்டீர்களா, பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு புட்டி அப்பாவின் நாலு நாள் கூலி, ஆனாலும் ஒருநாள்கூடக் குறைத்ததில்லை என்று என் நோட்டை நீட்டினேன். ஊசி போட்ட நேரமும், தினம் காலையில் நானே காய்ச்சிப் பார்த்த நிறமும் அதில் இருக்கின்றன. அவர் வரிவரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். ஆடி பிறக்கும்வரை பச்சை, அப்புறம் மஞ்சள், பத்து நாளாகச் சிவப்பு. அப்பா கடையில் திருட்டுத்தனமாகச் சீனி போட்டுக் குடிக்கிறார் என்று நான் அவரைத் திட்டியதும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஆடி மாதம் வீட்டில் என்ன மாறியது என்று டிரசர் கேட்டார்.

மாறியது இதுதான். ஆனி கடைசியில் லயத்தைச் சோதனை போட்ட பட்டாளத்துக்காரர்கள் டிரங்குப் பெட்டியிலிருந்த புட்டியை, காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிற மருந்து என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாமி மாடத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று மிச்சமிருந்த இன்னொரு புட்டியை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஆடி முதல் தேதி, அப்பாவுக்காக ஒரு மண்டலம் அணையாத விளக்கும் வேண்டிக்கொண்டு அங்கேயே ஏற்றினேன். நிறம் சிவக்கச் சிவக்க இன்னொரு திரியும் போட்டேன். டிரசர் வந்து புட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "அக்கா, இது சூடு தாங்காது. நீங்க இத்தன நாளா வெறுந்தண்ணியத்தான் குத்தியிருக்கீங்க."

அவர் சிரம்பானில் கேட்டு வாங்கித் தந்தது இன்னும் எட்டு நாளைக்கு வரும். ஈர மணல் சட்டியில் புதைத்து வைத்திருக்கிறேன். காய்ச்சல் மருந்துதான் தோட்டத்துச் செலவு, இது இல்லை என்று ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி கையை விரித்துவிட்டார். அதனால் நீ இரண்டு புட்டி வாங்கி, டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் அப்பா பெயரும் அடையாளக் கார்டு நம்பரும் எழுதி வாங்கி, நீயே கொண்டு வா. கடிதம் இல்லாமல் வந்தால் தோட்டத்துக் கம்பிவேலிக் கேட்டில் மருந்தோடு உன்னையும் பிடித்துக்கொள்வார்கள். ஆறு மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள், பகல் பஸ்ஸில் வா. வழியில் புட்டியை ஈரத்துணியில் சுற்றி வை, வெயில் படாமல் பார்த்துக்கொள்.

அப்பா நேற்று எழுந்து கஞ்சி குடித்தார். மாடத்தைப் பார்த்து, "விளக்கு எரிஞ்சதாலதான்டி நான் பொழச்சேன், ஏன் அணைச்ச?" என்றார். எண்ணெய் ரேஷன் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். முருகனுக்கு முன்னால் நின்று சொன்ன பொய். நீ வந்ததும் எண்ணெய் வாங்கப் புறப்பட்டுவிடாதே. அப்பா தேறி நடக்கட்டும், விளக்கு செய்ததைச் சொல்லி, நோட்டை நானே அவர் கையில் கொடுக்கிறேன்.

உனக்குத் தீர்க்காயுசு உண்டாகட்டும். டாக்டர் கடிதத்தை மறக்காதே.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
தாயம்மா