காலின்மேல் வீடு

கப்பலில் இருந்து,
தெற்கு ஜார்ஜியாத் தீவு
ஜனவரி 14, 2019

அன்புள்ள ஒத்திலியாவுக்கு,

நான்தான், எதிர்க்கரைப் பெலார்மினோ. கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கோழி கிளறிய தாள் என்று அழித்துவிடாதே.

நான் படகேறும்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். "வாயால கேட்டா என் காதுல ஏறாது, எழுதிக் கேளு" என்று துறையில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாய். எழுத்தென்றால் எனக்குச் சுறா மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோயில் கூடத்தில் பெரியவர்கள் வகுப்பில் நான் உட்கார்ந்தது வீணில்லை. இதோ எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. நீயும் மெதுவாகப் படி.

யஸ்னா இந்தக் கப்பலில் வழிகாட்டி என்பது உனக்குத் தெரியும். ஓர் அறை காலியாக இருந்ததால் அப்பன் என்னையும் அழைத்து வந்தாள். இந்தத் தாளையும் அவள்தான் படமெடுத்து உன் கைபேசிக்கு அனுப்புவாள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.

கரையில் இறங்குமுன் எல்லாருடைய பூட்சையும் கழுவுகிறார்கள், பையெல்லாம் குடைகிறார்கள். வெளியூர் விதை ஒன்றுகூடத் தீவில் விழக் கூடாதாம். என் கோட்டுப் பையில் கைவிட்ட பையன் ஓர் உருளைக்கிழங்கை எடுத்தான். முளை விட்டிருந்தது. "தாத்தா, இது என்ன?" என்றான். "சிலோயேத் தீவுக்காரன் பையில கெழங்கைத் தவிர வேற என்ன இருக்கும்?" என்றேன். பிடுங்கிக்கொண்டான்.

ஒத்திலியா, கரை முழுவதும் ராஜா பென்குயின்கள். மலை அடிவாரம் வரை நிற்கின்றன. நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி, எல்லாரும் கறுப்புக் கோட்டு போட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு. ஐந்து மீட்டர் தள்ளி நில் என்கிறார்கள். நான் தள்ளித்தான் நின்றேன். ஒன்று அதுவாகவே நடந்து வந்து என் பூட்சைக் கொத்திப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது. உன் நினைவு வந்தது.

இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. ஒற்றை முட்டையைத் தன் பாதத்தின்மேல் ஏற்றி, வயிற்றுத் தோலால் மூடிக்கொள்கிறது. இடம் பிடிக்கவில்லை என்றால் முட்டையோடு அப்படியே நகர்ந்து போகிறது. வீடே காலின்மேல்! நம் ஊர்ப் பறவைதான் என்று யஸ்னாவிடம் சொன்னேன்.

என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். ஒவ்வொரு பெரிய ஓதத்துக்கும் கடல் வாசல் மண்ணைத் தின்கிறது. இனி அங்கே இருக்க முடியாது. "எங்கூட நகரத்துக்கு வந்துருப்பா" என்கிறாள் மகள். எனக்கு வேறு யோசனை. முடிவும் செய்துவிட்டேன். மார்ச் மாதப் பெரிய ஓதத்தன்று மே காசோ. எருதுகளுக்கும் கயிற்றுக்கும் சொல்லியாயிற்று. ஊரையே கூப்பிடுவேன். குழி தோண்டி, சிப்பியும் கறியும் கிழங்கும் அடுக்கிக் குராந்தோ வேகவைப்பது உன் பொறுப்பு. உனக்குச் சம்மதமா? அதைத்தான் அன்று துறையில் கேட்க வந்தேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
பெலார்மினோ
(நானே எழுதியது)


சிலோயே
ஜனவரி 16, 2019

பெலார்மினோவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோழி இல்லை, சேவல் என்று தெரிந்துகொண்டேன்.

மே காசோ என்று எழுதியிருக்கிறாய். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று. வாழ்த்துகள். இந்த வயதில் புதிதாக எழுத்து வந்தால் கூடவே கொழுப்பும் வரும்போலிருக்கிறது.

யாரை என்று மட்டும் எழுதவில்லை. ஊரில் ஒருத்தியும் இல்லை. நான் விசாரிக்கவில்லை, காதில் விழுந்தது. கப்பலில் யாராவது சீமாட்டியா? கல்யாணத்துக்கு எருது எதற்கு, கயிறு எதற்கு? பெண் ஓடிவிடுவாள் என்று பயமா? ஓடத்தான் செய்வாள்.

உன் கல்யாணத்துக்கு நான் குராந்தோ வைக்க வேண்டுமா? அதற்கு என் சம்மதம் வேறா? என் வீட்டுக்காரர் போன பிறகு ஞாயிறுதோறும் படகு வலித்து வந்து என் சூப்பைக் குடித்துவிட்டு, உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. இனி உப்புப் போட வேறு ஆள் வந்துவிட்டாள். நல்லது.

பக்கத்து வீட்டு எதெல்மிரா உன் கடிதத்தை என் கைபேசியில் பார்த்துவிட்டாள்.

"அவன் யாரைக் கட்டுனா ஒனக்கென்னடி? கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"வெங்காயம் உரிச்சேன்."

"எங்க, வெங்காயத்தைக் காட்டு பாப்போம்."

அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

ஆப்பிள் மரங்களுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் நிலத்தில் பன்றிப்பட்டி போடச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் அதை ஏன் சும்மா போட்டு வைத்திருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பென்குயின் உன் பூட்சைக் கொத்தியதாக எழுதியிருந்தாய். இன்னும் கொஞ்சம் மேலே கொத்தியிருக்கலாம்.

ஒத்திலியா


கப்பலில் இருந்து
ஜனவரி 18, 2019

என் ஒத்திலியாவுக்கு,

பன்றிகளை நிறுத்து! முதலில் அதைச் செய். பிறகு மீதியைப் படி.

நான் எழுத நினைத்தது மி காசா. என் வீடு. மார்ச் ஓதத்தன்று என் வீட்டை மரச்சட்டங்களின்மேல் ஏற்றி, எருது பூட்டிக் கரைக்கு இழுத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, படகுகளால் உன் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நம் அப்பன்மார் வீடு மாற்றியது போல. நான் கேட்க வந்தது உன் ஆப்பிள் மரங்களுக்குக் கீழே உள்ள அந்த இடத்தைத்தான். எருதும் கயிறும் வீட்டுக்கு. ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்தாக இரண்டு எழுத்துத் தப்பிவிட்டது. வகுப்பிலும் இதே இடத்தில்தான் எனக்குச் சறுக்கும்.

உன் பதிலை நானே படித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. வெங்காயம் என்ற சொல்லை மட்டும் பலமுறை படித்தேன். அப்புறம் யஸ்னாவிடம் போனேன்.

"கண்ண மூடிக்கிட்டு எடுத்தேன்னியே, நெசமாவா?"

"ஒரு கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்ப தப்ப ஏண்டி திருத்தல?"

"எது தப்புன்னு எனக்குத் தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டு ரப்பர் படகை இறக்கப் போய்விட்டாள்.

இன்று யானைச் சீல்களைப் பார்க்கப் போனோம். தோல் உரியும் காலம். பெரிய பெரிய உடம்புகள் சேற்றுக் குழியில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. நாற்றம் உன் அண்ணன் படகுக் கொட்டகையைவிட மோசம். ஒன்று ஏப்பம் விட்டால் பக்கத்தில் கிடப்பது வாயைத் திறந்து ஏசுகிறது. அது பதிலுக்கு ஏசுகிறது. கரை முழுவதும் காலியாகக் கிடக்கிறது ஒத்திலியா. ஆனாலும் ஒன்றுகூட எழுந்து தள்ளிப் படுக்கவில்லை. ஏசிவிட்டு மறுபடியும் அதன் முதுகிலேயே தலையை வைத்துக்கொள்கிறது. கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சூப்பு நினைவு வந்தது. நான் நகரத்துக்குப் போக மாட்டேன்.

திரும்பி வந்து என் முதல் கடிதத்தை எடுத்து, தப்பான இரண்டு எழுத்தையும் அடிக்கலாம் என்று பேனாவைத் திறந்தேன். வெகுநேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்க மனம் வரவில்லை. வாயால் சொல்ல எனக்கு எந்த நாளும் வந்திராது. கைக்கு என்னைவிடத் தைரியம் அதிகம்.

ஆகவே எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். அதற்கும் சம்மதமா?

உன்
பெலார்மினோ

பி.கு. சூப்பில் உப்பு எப்போதும் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றுவாய் என்றுதான் அப்படிச் சொன்னேன்.


சிலோயே
ஜனவரி 20, 2019

அன்புள்ள பெலார்மினோ,

மி காசா, மே காசோ. இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. யஸ்னா புத்திசாலி, உன்னைக் கொண்டு பிறக்கவில்லை.

பன்றிகள் எதெல்மிரா வீட்டுப் பக்கம் போகின்றன. அவளுக்கு நம் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் எருதுகளுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆப்பிள் மரம் ஒன்றின் கிளை தாழ்வாக வருகிறது. உன் கூரை இடிக்கும். நான் வெட்ட மாட்டேன். நீ வீட்டைக் கொஞ்சம் தள்ளி வை. வாசல் என் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும். கத்தினால் கேட்க வேண்டும்.

குராந்தோவை எதெல்மிராவின் மருமகள்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அன்று வேறு வேலை இருக்கிறது. விடியற்காலையில் நான் உன் கரைக்கு வந்துவிடுவேன். வீட்டுக்குள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருவேன். தண்ணீரில் அதோடு மிதந்து வருவேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

எருதுகளை அடிக்கவிடாதே. கயிற்றைச் சரிபார். உன் பென்குயின் முட்டையைக் கொண்டுபோவது போல, ஆட்டாமல் கொண்டு வா.

உன்
ஒத்திலியா