பசை போட்டு ஒட்டிய கவுன்

என்னங்க, உங்களுக்கு நமஸ்காரம். முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகமே.

நான் சமைக்கும் வீட்டு அம்மா தன் மகளுக்குப் புதுக் கவுன் வாங்கிவந்தாள். குழந்தை உட்கார்ந்ததும் டர்ரென்று கிழிந்தது. தைத்துக் கொடுக்கச் சொன்னாள். புரட்டிப் பார்த்தேன். ஓரத்தை மடித்துத் தைக்காமல் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். தூ!

"பாட்டி, இது எவ்வளவு ஒசத்தியான கடை தெரியுமா?" என்றாள் அந்த அம்மா.

"கடை ஒசத்தியா இருந்து என்னம்மா, தொட்டா தையல் கையோட வருதே!" என்றேன்.

கல்யாணமான வருஷம் நான் தைத்த ரவிக்கையைச் சாக்குப்பை என்றாளே உங்கள் தங்கை, அவளுக்கு இதைக் காட்டவேண்டும். அந்த ரவிக்கை பதினாறு வருஷம் உழைத்தது.

அருவருப்பு தாங்காமல் துணி வாங்கி, மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் நம் பேத்திக்குக் கையாலேயே ஒரு கவுன் தைத்தேன். பொடிப்பொடியாகத் தையல் ஓட ஓட மனசு குளிர்ந்தது. அளவுதான் எனக்கு மனப்பாடமாயிற்றே. இரண்டு பேருக்கும் ஒரே வயது என்பதால் இந்த வீட்டுக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தேன். கைகூட நுழையவில்லை. நான் ஊரைவிட்டு இங்கே வந்து மூன்று வருஷம் ஆனதை மறந்திருக்கிறேன். நான் போய் ஒன்றை மறந்தேன் பாருங்கள்!

பிறந்தநாளுக்கு மருமகள் கடையில் எதுவும் எடுக்க வேண்டாம். பேத்தியை நிமிர்ந்து நிற்கவைத்து, தோள், மார்பு, உயரத்துக்கு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். மருமகள் இறுக்கிப் பிடிப்பாள், நீங்களே அளவெடுங்கள்.

பால் பொங்குகிறது, போகிறேன். உங்கள் இடுப்பளவையும் வேறொரு நூலில் முடிந்து அனுப்புங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக எழுதுகிறீர்கள்; நூல் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி